இருசப்பன் பேசிய மாலை

உத்திரமேரூரில் ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும் செத்தவர்களைப் பற்றியே பேச்சு. இருக்கிறவர்களைப் பற்றிப் பேச நமக்கு நேரம் ஏது? பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடைத் தட்டி, ரேஷன் கடைக் கதவு, எங்கும் ஒரே போஸ்டர். ‘1912 மெட்ராஸ் மாலை! கவர்னரே கண்டு மயங்கிய கேளிக்கை! இறந்தவர் பேசும் கிராமபோன்! வழங்குபவர் புரொபசர் ஸ்ரீகாந்த். ஞாயிறு மாலை ஆறு மணி, கல்யாண மண்டபம்.’

புரொபசர் எந்தக் காலேஜில் பாடம் நடத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கவர்னர் என்று நான் கேட்டேன். “அந்தக் காலத்து கவர்னர்” என்றார் டிக்கெட் கொடுத்தவர். புரொபசரின் கொள்ளுத்தாத்தா பட்டணத்தில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் இதே கிராமபோனை வைத்து, கவர்னருடைய செத்துப்போன தாயாரைப் பேச வைத்தாராம். அந்த அம்மாள் இங்கிலீஷிலேயே பேசினாராம். இதைவிட அத்தாட்சி வேண்டுமா? கேப்பையில் நெய் வடிகிறது என்றார்கள், ஊரே கிண்ணத்தோடு கிளம்பிவிட்டது.

நானும்தான் கிளம்பினேன். என் அப்பா பீரோ சாவியை எங்கே வைத்துவிட்டுப் போனார் என்று இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மானாம்பதியிலிருந்து அம்முலு வந்திருந்தாள். நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவள். புருஷன் இருசப்பன் மூன்று வருஷத்துக்கு முன்னால், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனவர். இருசப்பனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பதினெட்டு வருஷம் அம்முலுவும் அவரும் கையாலேயே பேசிக் குடும்பம் நடத்தினார்கள், கையாலேயே சண்டையும் போட்டார்கள். நடவு வயலில் அவர்கள் போடும் சண்டையைப் பார்க்க மற்ற பெண்கள் நாற்றைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்களாம்.

அவர்களுக்கு ஒரே மகள், நிஷா. செங்கல்பட்டில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மறுநாள், திங்கட்கிழமை, போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஆனால் அம்முலுவின் அண்ணன் தண்டபாணிக்கு வேறு திட்டம். தன் மகன் தினேஷ்குமாருக்கு நிஷாவைக் கட்டி வைக்க வேண்டும். தினேஷ்குமார் கெட்டவன் இல்லை. வேலை தேடுவதையே வேலையாக வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

மூன்று வாரமாக அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, மகள் ஒரு பக்கம் இழுக்க, அம்முலு நடுவில் நின்றாள். கடைசியில் தண்டபாணிதான் யோசனை சொன்னார்.

“எங்கிட்டயும் கேக்காத, பொண்ணுகிட்டயும் கேக்காத. மாப்ளயவே கேட்டுடு. அவரு இன்னா சொல்றாரோ அதான்.”

அம்முலு ஒத்துக்கொண்டாள். ஏன் என்று நிஷாவிடம் அவள் சொன்னதை, பின்வரிசையில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

“ஒரு நாளாவது அவுரு கொரல கேக்கணும்னு இருந்துதுடீ. எப்டி இருக்கும்னு நெனச்சி நெனச்சி பாத்துகினு இருப்பேன். ஒனக்கு அது புரியாது.”

நிஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மேடை பிரமாதம். எல்.இ.டி. பல்பு போட்ட கேஸ் விளக்கு, பின்னால் கறுப்புப் படுதா, நடுவில் வட்ட மேஜை, அதன்மேல் ஊமத்தம் பூ மாதிரிக் குழல் வைத்த கிராமபோன். புரொபசர் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். அந்தப் புழுக்கத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றதற்கே அவருக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மைக் செட் பெஞ்சமின் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“இன்னா பெஞ்சமின்?” என்றேன்.

“மூணு மைக்கு கேட்டு வாங்கனாங்கண்ணா. மேடையில ரெண்டுதான் கீது.”

“ஒண்ணு ரிப்பேரா இருக்கும்பா. கம்முனு பாரு” என்றேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

முதலில் புறா பறந்தது, சீட்டுக்கட்டு மறைந்தது. எல்லாம் நன்றாகவே இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் புரொபசரை நானே சோறு போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். நாங்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தார். பெயர், ஊர், உறவு, கேள்வி எல்லாவற்றையும் படுதா பக்கம் முகத்தைத் திருப்பி உரக்கப் படித்தார். பிறகு தட்டின்மேல் முள்ளை வைத்தார். கரகரவென்று சத்தம், அதற்குப் பின்னால் ஒரு குரல்.

எங்கள் ஊர் கனகாவின் செத்துப்போன மாமியார் வந்து, “எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள்” என்றார். உயிரோடு இருந்தபோது அந்த அம்மாள் இருந்த தெருவில் ஒற்றுமை என்று ஒன்று இருந்ததே கிடையாது. என் அப்பாவும் வந்தார். “தேடுங்கள், கிடைக்கும்” என்றார். சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்ல நூறு வருஷத்து கிராமபோன் எதற்கு? ஆனாலும் கைதட்டினேன். எல்லாரும் தட்டினார்கள்.

அப்புறம் அம்முலுவின் முறை.

இங்கே ஒரு சேதி சொல்ல வேண்டும், எனக்கே பிறகுதான் தெரிந்தது. அன்று காலையில் தண்டபாணி இரண்டு இளநீரோடு புரொபசரின் லாட்ஜுக்குப் போயிருந்தார். இருசப்பன் பெயர், டிராக்டர், மகள், தன் மகன், என்ன பதில் வர வேண்டும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். இருசப்பனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, பாவம். மானாம்பதியில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று ஏரிக்கரைக்காரனுக்கு யார் போய்ச் சொல்வார்கள்? புரொபசர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

முள் தட்டில் உட்கார்ந்தது. “அம்முலு... என் கண்ணே...”

அம்முலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினெட்டு வருஷம் கேட்காத குரல். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மானாம்பதிக்காரர்கள் மூச்சு விடவில்லை. “மேல போனா எல்லாம் செரியாயிடும் போல” என்று அம்முலுவோடு நடவுக்குப் போகும் பரிமளா கிசுகிசுத்தாள்.

“நம் மகளைத் தூர தேசம் அனுப்பாதே. உன் அண்ணன் மகனுக்கே கட்டி வை. அதுதான் என் ஆத்மாவுக்குச் சாந்தி.”

தண்டபாணி மேலே பார்த்துக் கும்பிட்டார். நிஷா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு எப்போது தூர தேசம் ஆயிற்று என்றும் எனக்குப் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? கொஞ்சம் உருக்கம் சேர்ப்போம் என்று குரல் தொடர்ந்தது.

“விடியற்காலை உன் குரல் கேட்டுத்தானே நான் எழுவேன். இரவில் நான் பாடும் பாட்டைக் கேட்டுத்தானே நம் மகள் தூங்குவாள். மறந்துவிட்டாயா?”

தண்டபாணியின் கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது. அம்முலு முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

நிஷா எழுந்து நின்றாள். கத்தவில்லை. “அம்மா, அப்பாக்கு எந்த காலத்துல காது கேட்டுது? வாயால கேக்காத. எப்பவும் கேக்குற மாதிரி கையால கேளு. அப்பாவா இருந்தா புரியும்.”

அம்முலு மேடைக்கு ஏறினாள். கிராமபோன் முன்னால் நின்றாள். காது மடலைத் தொட்டுத் திருகினாள், அது நிஷா. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் புத்தகமாக விரித்தாள். பிறகு கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தாள். கடைசியில் கையை மல்லாத்தி, புருவத்தைத் தூக்கி நின்றாள். மகள் படிக்கட்டுமா, தாலி கட்டிக்கொள்ளட்டுமா? மண்டபத்தில் அத்தனை பேருக்கும் புரிந்தது. கிராமபோனுக்கு மட்டும் புரியவில்லை.

“கேள் கண்ணே, கேள்” என்றது குரல். “ஏன் மௌனம்?”

புரொபசருக்கு வியர்த்துவிட்டது. படுதா பக்கம் திரும்பி, “ஐயா, அம்மா கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க... கையை ஆட்டுறாங்க” என்றார்.

குரல் ஒரு கணம் யோசித்தது. “போய் வா கண்ணே. நானும் விடைபெறுகிறேன்.”

முதலில் பரிமளா சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. பெஞ்சமின் நிதானமாக மேடை ஏறி, தட்டிலிருந்து முள்ளைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டான். “விடைபெறுகிறேன், விடைபெறுகிறேன்” என்று குரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெஞ்சமின் படுதாவை விலக்கினான். அங்கே ஒரு ஸ்டூலில் டிக்கெட் கொடுத்த ஆள் உட்கார்ந்திருந்தார். கையில் மூன்றாவது மைக்.

“இதாண்ணா, இதத்தான் தேடிகினு இருந்தேன்” என்றான் பெஞ்சமின் என்னைப் பார்த்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இது ஒரு கலை நிகழ்ச்சிங்க, பொழுதுபோக்கு” என்று புரொபசர் ஆரம்பித்தார்.

அம்முலு அவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

“எம் புருஷன் ஒரு பொய் சொன்னதில்ல. பேச்சு வராததால இல்ல, கையாலகூட சொன்னதில்ல. அவுரு வாயில ஒம் பொய்ய வச்சியே, ஒனக்கு கூசல?”

தண்டபாணி செருப்பைத் தேடினார். ஒரு கால்தான் கிடைத்தது, அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழரை மணி செங்கல்பட்டு பஸ்ஸில் நிஷா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பும்போது அம்முலு கீழே நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். நிஷா காது மடலைத் தொட்டுக்கொண்டாள். நான் டீ குடிக்கப் போன இடத்தில் இதைப் பார்த்தேன்.

பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். செத்தவர் ஒருவர் பேசுவார் என்று மண்டபம் நிறைய உட்கார்ந்தோமே, உயிரோடு இருக்கிற ஒரு பெண் மூன்று வாரமாகப் ‘படிக்கணும், படிக்கணும்’ என்று பேசினாளே, அதைக் கேட்க நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்தோம்? அதற்கு டிக்கெட்கூட இல்லை.