பக்கத்து வீட்டுக் காரின் பாட்டு

வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக் காரில் பாட்டுக் கேட்டு வருகிற வயிற்றெரிச்சலுக்கு இன்னும் யாரும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் நம் மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் இருவேளையும் சாப்பாட்டுக்கு முன் விழுங்கியிருப்பார்.

அவரிடமும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடமும் ஒரே மாடல் பழைய கார். இருவரும் அரை டிரவுசர் போட்ட காலத்தில் ரோட்டில் ஓடிய வண்டிகள். உருண்டை விளக்கு, ஒல்லி ஸ்டியரிங், முள் நகர்கிற ரேடியோ. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டும் தெருவில் நின்று குளிக்கும். யார் வண்டி அதிகம் பளபளக்கிறது என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை சரிக்குச் சரிதான்.

திடீரென்று டாக்டர் தன் காருக்குப் புது ஸ்பீக்கர் வைத்துவிட்டார்.

"ஏங்க, டாக்டர் கார்ல பாட்டு கேட்டீங்களா? பாடறவங்க மூச்சு விடறதுகூடத் தெளிவாக் கேக்குது" என்றாள் மனைவி, காபியைக் கையில் கொடுத்தபடி.

"நம்ம கார்லயும்தான் பாட்டு வருது."

"வருது. பாடறவங்களுக்கு மூச்சு திணறுது."

காபி கசந்தது. மனைவி இன்னொரு ஆம்பிளையைப் புகழ்ந்திருந்தால்கூட அவர் பெரிய மனது பண்ணி விட்டிருப்பார். இன்னொரு காரைப் புகழ்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மாடியிலிருந்து பார்த்தார். டாக்டர் காரின் ஜன்னலில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது யார்? சந்தேகம் தீர, கடையிலிருந்து கொண்டுவந்த தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். தன் மனைவியேதான். டாக்டரின் மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமலே பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்றே முடிவு செய்தார். டாக்டர் காரைத் தூக்கி அடிக்கிற மாதிரி ஒரு செட் வைக்க வேண்டும். நேராகக் கார் ஸ்பீக்கர் கடைக்குப் போனார். விலை கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. ஹாலில், ஜன்னலை மறைத்துக்கொண்டு, இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவை. ஊமையாகிப் பல வருடம் ஆகிறது. பக்கத்தில் ஒரு சாய்ந்த அலமாரி, சுருட்டி வைத்த பழைய கம்பளம், பஞ்சு தெரிகிற சோபா நாற்காலி. 'எதையும் தூக்கிப் போடாதே, ஒருநாள் உதவும்' என்பது அவர் கட்சி. மனைவி தையல்காரி. துணி வெட்ட இடமில்லாமல் சாப்பாட்டு மேசையில் வெட்டுவாள். அந்த மூலையைக் காலி செய்யச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். சாப்பாட்டில் குண்டூசி வந்த அன்றும் அவர் ஊசியைத்தான் எடுத்து வைத்தாரே தவிர, மூலையைத் தொடவில்லை.

"அந்த ஒருநாள் வந்துடுச்சு" என்றார் இப்போது, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு.

"ஐயையோ, அதுல கை வைக்காதீங்க. உங்க உயிராச்சே அது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. ரிப்பேர்காரன்கிட்ட குடுத்தா புதுசாட்டம் பாடும்."

"பெட்டியாவது இருக்கட்டுங்க. பார்த்துக்கிட்டாவது இருக்கலாம்."

"வெறும் பெட்டி எதுக்கு? காயலான் கடையில போட்டா வயர் வாங்கற காசு தேறும்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஸ்பீக்கர்கள் பழுது பார்க்கப்பட்டு வந்தன. பின்சீட்டுக்கு மேலே அவற்றைப் பதிக்க ஒரு பலகை வேண்டும். அலமாரியின் மேல்தட்டு கச்சிதமாகப் பொருந்தியது. தட்டு போனபின் அலமாரிக்கு என்ன மரியாதை? அதுவும் போயிற்று. பாட்டைப் போட்டால் கதவுகளும் சேர்ந்து பாடின. கம்பளத்தை வெட்டிக் கதவுக்குள் அடைத்தார். கதவுகள் வாயை மூடின. ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மட்டும் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கினார். முன்சீட்டுக்கு அடியில் அது குலுங்கியதால், சோபா பஞ்சைப் பிடுங்கி மெத்தை போட்டுப் படுக்க வைத்தார். மிஞ்சிய நாற்காலி எலும்புக்கூடு காயலான் கடைக்குப் போயிற்று. பழைய ரேடியோவை மட்டும் அசைக்கவில்லை. பார்க்கிறவனுக்கு அதுதான் பாடுகிறது என்று தோன்ற வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் மனைவி தடை சொன்னாள். ஒவ்வொரு தடையையும் அவர் வெற்றிகரமாகத் தாண்டினார். தாலி கட்டிய நாளிலிருந்து இப்படி அடுத்தடுத்து ஜெயித்தது அவருக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. காரைத் தெருவில் நிறுத்திப் பாட்டைத் தட்டிவிட்டார். தெரு நிமிர்ந்தது. டாக்டர் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். அடுத்தவர் பல்லைப் பிடுங்குகிறவர் முகத்தில் முதல்முறையாகப் பல்வலி தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இங்க வாயேன். வந்து கேட்டுட்டுப் போ" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி வரவில்லை. ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் நீளமான புது மேசை. தச்சரும் அவர் ஆளும் அதை உள்ளே தூக்கிப் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். ஜன்னலோரத்து மூலையில் மேசை, இந்தப் பக்கம் ஒரு விரல் அந்தப் பக்கம் ஒரு விரல் இடம் விட்டு, அளந்து வைத்தாற்போல் உட்கார்ந்தது.

"எப்ப ஆர்டர் பண்ணது இது?" என்று தச்சரைக் கேட்டார்.

"அது ஆச்சு சார், ரெண்டு மாசம். சார் கார் வேலை முடியட்டும், அப்பறம் கொண்டு வாங்கன்னு அம்மா சொல்லியிருந்தாங்க."

"நான் கார் வேலை ஆரம்பிச்சே ரெண்டு வாரம்தான்யா ஆகுது."

தச்சர் குனிந்து மேசைக்காலை ஆட்டிப் பார்த்தார். மனைவி துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். மேசையையும் காலியான மூலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க வீட்லயுமா?" என்றார் மெதுவாக.

"என்ன உங்க வீட்லயுமா?"

"என் வீட்டுக்காரி தினமும் சொன்னா சார். 'கண்ணாடிக்கடைக்காரர் கார்ல ரேடியோ என்ன சுகமாப் பாடுது'ன்னு. தூக்கமே வரலை எனக்கு. வீட்ல கிடந்த பழைய செட்டையெல்லாம் பிரிச்சுக் கார்ல மாட்டினேன். இப்ப அந்த இடத்துல அவ உடற்பயிற்சி சைக்கிள் நிக்குது. யோசனை குடுத்தது உங்க வீட்டம்மாவாம்."

"என் ரேடியோவா? சுகமாவா?"

"அதான் சார் நானும் யோசிச்சிருக்கணும்."

டாக்டர் போய்விட்டார். கண்ணாடிக்கடைக்காரர் மனைவி முன் வந்து நின்றார். கோபம் வந்தது. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்தது.

"எல்லாம் போகட்டும். நீ என்னை ஏமாத்தினது இருக்கட்டும். உண்மையைச் சொல்லு. யார் கார்ல பாட்டு நல்லா இருக்கு?"

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தெருவிலிருந்து வந்த பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"உங்க கார்லதாங்க. சத்தியமா."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. மேசை நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் அவள், மறுபடி துணியில் கோடு போட்டபடி. "டாக்டர் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டறதே இல்லையாம். அவரே கழட்டி மாட்டினாராம். என்ன கைங்க அது."

இதுவும் தூண்டில்தான் என்று அவருக்குத் தெரிந்தது. புழுவும் தெரிந்தது, முள்ளும் தெரிந்தது, கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிற ஆளும் தெரிந்தது. ஐந்து நிமிடம் வைராக்கியமாக நின்றார். பிறகு கேட்டார்:

"ஸ்பேனர் எங்க?"

"காலையிலேயே குழாய்க்குப் பக்கத்துல எடுத்து வெச்சிட்டேங்க."