பூவநாதன் மேல் போர்த்த வந்த இரண்டு துணிகள்

பழவங்காடி, திருவனந்தபுரம்

மதிப்பிற்குரிய அக்கா செண்பகவல்லி அவர்களுக்கு, தம்பி பிச்சைக்கனி வணங்கி எழுதுவது. இங்கு நலம் என்று எழுதும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன். தங்கள் இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கம்பில்லாமல் நடக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு கோவில்பட்டிக்கே கேட்க வைப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். இதைப் பொன்செல்விக்கு மட்டும் படித்துக் காட்டுங்கள். புருஷன் செத்ததற்கு அழ வேண்டியவள், அவனுக்கு இங்கே இன்னொருத்தி இருந்தாள் என்று உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரமாட்டேன் என்கிறாளாம். நம் தம்பி பூவநாதனுக்கு இன்னொருத்தி இல்லை அக்கா. இருந்தது ஒரு கால்பந்துக் கிளப்.

தம்பானூரில் அவன் பரோட்டா போட்ட கடைதான் வேணாடு யுனைடெட் ரசிகர்கள் கூடும் இடம். அந்தக் கிளப்பின் சின்னம் ஒரு இருவாச்சிப் பறவை. அது என்ன பாவம் செய்ததோ, போன மாதம் கிளப்பார் அதை எடுத்துவிட்டு ஒரு வட்டமும் வளைகோடும் வைத்தார்கள். எனக்கு அது எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி இருந்தது. அன்றைக்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆட்டோ ஓட்டும் சஜி பழைய சின்னக் கட்சி, மொபைல் கடை பிஜு புதுச் சின்னக் கட்சி. யார் வந்து கேட்டாலும் தம்பி, “நீ சொல்லுததுதான் சரி” என்று சொல்லி இன்னொரு பரோட்டாவை இலையில் போடுவான். சஜி ஆட்கள் இருவாச்சிப் படத்துக்கு மாலை போட்டு, ‘ஆதராஞ்சலி’ என்று தம்பானூர் முக்கில் துக்க பேனரே கட்டினார்கள். அதே வாரம் தம்பி அடுப்பு முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் படம் போட்ட பேனரையும் அதன் பக்கத்திலேயே கட்டினார்கள். இதுவும் கேலிதான் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்தான். கடைக்கு வந்து, “பூவண்ணன் எவிடே, இன்னைக்குப் பொறோட்டா இல்லியா?” என்று கேட்டவர்களுக்கு நான் அழுதுகாட்டித்தான் நம்ப வைத்தேன்.

ஊரிலிருந்து வேன் வந்து, நம் சின்னமாமா இறங்கிய நேரத்தில்தான் கெட்டது. முற்றத்தில் இரண்டு கூட்டம், ஆணும் பெண்ணுமாக. ஆளுக்கொரு மடித்த புதுத்துணி. துணியில் அச்சடித்த கிளப் சின்னமெல்லாம் மடிப்புக்குள் இருக்கிறது. “அண்ணாச்சி, எங்களுதுதான் முதல்ல இடணும், பூவண்ணன் எங்க ஆளாக்கும்” என்கிறான் சஜி. “சாகுறதுக்கு முந்தின நாள் எங்கிட்டதானே ‘நீ சொல்லுததுதான் சரி’ன்னு பறஞ்சது” என்கிறான் பிஜு. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், மயானத்தில் கொடுத்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் பிணத்தின் மேல் யார் கோடித் துணி முதலில் விழ வேண்டும் என்று மல்லுக்கு நிற்பவர்கள் யார்? பெண் கொடுத்த வீட்டார்தானே. மாமா கணக்குப் போட்டுவிட்டார். பொன்செல்வி காது கேட்கவே, “மாப்ளே, ஒரு வீடுன்னுலா நெனச்சேன். மூணு வீட்டுக்காரங்க நிக்காகளே. இந்த ரெண்டு பொம்பளையும் எங்க இருக்காளுவ?” என்று என்னிடம் கேட்டார். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு துணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, என் தோள் துண்டை எடுத்துத் தம்பி மேல் விரித்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத் திட்டியது. மறுநாள் அவள் அந்த வேனிலேயே ஏறிவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், அவனுக்கு இன்னொரு குடும்பம் வைக்க நேரம் ஏது? கோழிக்கோட்டில் மாட்ச் என்றால் இரண்டு நாள் ஆளைக் காணோம், கொச்சியில் என்றால் இரண்டு நாள். பைத்தியக்காரன்தான், துரோகி இல்லை. அவள் வந்து அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் விடாவிட்டால் என் தம்பி போகிற இடத்திலும் துரோகிப் பட்டத்தோடுதான் நிற்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் உங்களை நடக்க வைக்கட்டும், பொன்செல்வியை இங்கே நடத்திக் கூட்டிவரட்டும்.

தங்கள் தம்பி,
பிச்சைக்கனி

பி.கு.: கவரை ஒட்டியவன் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் விதுராவிலிருந்து ஓமனா என்று ஒருத்தி வந்து போனாள். கூட ஒரு பெண் பிள்ளை, பள்ளிக்கூட உடுப்பில். வெளியூர் மாட்ச் எப்படி இருக்கும் என்று தம்பிக்குத் தெரியவே தெரியாதாம். பஸ் ஏறி அவள் வீட்டுக்குத்தான் போவானாம். பிள்ளை என்னைப் பார்த்து, “பெரியப்பா” என்று சுத்தமான தமிழில் கூப்பிட்டது. அவள் பணம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. “காரியத்தன்னைக்கு ஞங்ஙள் ரெண்டாளும் பின்னால ஒரு ஓரமா நின்னோட்டே, அண்ணா?” என்று மட்டும்தான் கேட்டாள். பொன்செல்விக்கு எதைப் படிப்பீர்களோ, எதை விடுவீர்களோ, அது உங்கள் பாடு. நான் அவர்களை வரச் சொல்லிவிட்டேன்.