வானத்தைக் கைகாட்டும் இன்ஜினியர்

போடிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இந்த இனத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கட்டடம் நிற்கிறவரை "நம்ம டிசைன்". விழுந்துவிட்டால் "இயற்கைச் சீற்றம்".

எங்கள் பாண்டியராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகவே படித்தவர். எந்த ஊரில் பாலம் விழுந்தாலும் டீக்கடையில் நின்று, கம்பி எங்கே போதவில்லை, மண்ணை யார் சோதிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவனை எந்தச் சட்டத்தில் உள்ளே தள்ளலாம் என்று, கையிலுள்ள டீ ஆறி ஆடை கட்டும்வரை விளக்குவார். அத்தனையும் சரியாக இருக்கும். அதுதான் வேதனை.

குரங்கணிச் சரிவில் சின்ராசு தங்கும் விடுதி கட்டினார். மலையை வெட்டி, மண் சரியாமலிருக்கத் தாங்குசுவர் எழுப்பி, உள்ளே ஊறும் மழைத்தண்ணீர் வெளியேற அதில் வரிசையாகத் துளைகளும் வைத்து வரைந்து கொடுத்தவர் பாண்டியராஜன்தான். சுவர் முடிந்ததும் சின்ராசு மோவாயைத் தடவினார்.

"மாப்ளே, கன்னிமூலையில தண்ணி வெளியேறினா குடும்பத்துக்கு ஆகாதாம்ல? ஈசானியத்துலதான் போகணுமாம்."

அங்கே ஈசானியம் மலையுச்சிப் பக்கம். தண்ணீர் மேட்டில் ஏறிப் போக வேண்டும். படித்த மனிதர் என்ன சொன்னார்?

"அதுக்கென்ன மாமா, பூசி அடைச்சிருவோம்."

ஐப்பசி மழையில் பாதிச் சுவர் சரிந்து, கீழேயிருந்த பொற்கொடியின் அடுப்படியை மூடியது. ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பேறிப் போயிருந்ததால் அவள் பிழைத்தாள். மீதிச் சுவர், வயிறு தள்ளிக்கொண்டு, அவள் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேலே நின்றது.

"இன்ஜினியரண்ணே, மிச்ச ஓட்டையவாச்சும் தொறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா சின்ராசண்ணன் கேப்பாரு."

திறக்கச் சொன்னால், அடைக்கச் சம்மதித்தது யார் என்று பேச்சு வருமே? அவர் அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டினார்.

"பேஞ்சது மழையா ஆத்தா? சீற்றம்! அதுக்கு யாரு பொறுப்பு?"

"அப்ப மழை மேலயே கேசு போடுறேன். சாட்சி சொல்ல வருவீகளா?"

பைக் வெரசாகக் கிளம்பிவிட்டது. துளைகள் இன்றுவரை திறக்கவில்லை. பொற்கொடிதான் பிள்ளைகளோடு சிலமலையில் தங்கச்சி வீட்டில் ஒண்டியிருக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் மாடிவீட்டில் கீழ்த்தள ஹாலுக்கு நடுவே வந்த தூணை, பார்வைக்கு நன்றாயில்லை, எடுத்துவிடுங்கள் என்றீர்களே. இன்ஜினியர் தயங்கியதும், "முடியாட்டி சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று அவரை வழிக்குக் கொண்டுவந்தீர்களே.

அந்தக் கீழ்வீட்டை இப்போது யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்?