படக்கார டாக்டரின் முதல் நோயாளி

படக்கார டாக்டர் தேனியில் படம் பிடிக்காத பொருள் இரண்டுதான்: ஒன்று வைகை அணை, இன்னொன்று அவர் மனைவி. அணை மேஜையில் ஏறாது. அந்தம்மா ஏற மாட்டேன்னுட்டாக.

ஸ்கேன் மெஷின் வந்த புதிதில் மனிதருக்குத் தூக்கமே இல்லை. வடுகபட்டிப் பூண்டு, கம்பம் திராட்சை, முழுப் பலாப்பழம் எல்லாவற்றிலும் ஜெல்லியைத் தடவிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ரெட்டைக்குட்டி என்றார். ஆடு அவர் மானத்தைக் காப்பாற்றியது.

நோயாளி வந்தாலும் முதலில் மேஜையில் படுப்பது அவர்தான். தன் தொந்தியில் கருவியை ஓட்டிக் காட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப நீ வா" என்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் குளிக்கும்போது, விதை ரெண்டே இருக்கவேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. வேறொரு டாக்டர் தொட்டுப் பார்த்து, புற்றாகக்கூட இருக்கலாம், அறுத்துவிடலாம் என்றார். அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமென்று படக்கார டாக்டரிடம் போனேன். செய்தி போடிக்குப் பறந்து, ஏலக்காய் வியாபாரியான வருங்கால மாமனார் ஸ்கேன் அறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். என் கல்யாணம் அந்தக் கதவில் தொங்கியது.

உள்ளே நான் வேட்டி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கதவைத் தாழ்போட்டார். அன்று தொந்தியோடு நிற்கவில்லை மனுசன். மேஜையில் மல்லாந்து, வேட்டிக்குள் கருவியை விட்டுக்கொண்டு, திரையைப் பார்க்கச் சொன்னார்.

"இது என்னுது. ரவைக் கஞ்சி மாதிரி ஒரே சீரா இருக்கா? நல்லாப் பாத்துக்க. இப்ப நீ வா."

என்னுடையதில் முதலாவது, அதே கஞ்சி. இரண்டாவது, அதே கஞ்சி. மூன்றாவது, கொஞ்சம் சின்னது. திரைப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தேன். அதே கஞ்சி.

"ஏலே, இது கட்டி இல்லலே. பொறக்கையிலயே கூட ஒண்ணு வந்துருக்கு. புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். வருசம் ஒருக்கா வந்து காட்டிட்டுப் போ."

வெளியே மாமனார் எழுந்து, மாப்பிள்ளைக்கு ஏதும் குறை உண்டா என்று கேட்டார்.

"குறையா? சத்தியமா இல்ல" என்றார் டாக்டர். அதைவிடப் பெரிய உண்மையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

மறுவருசம் காட்டப் போனபோது மனைவியும் வந்தாள், மாசமாக. மெஷினைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மேஜையில் ஏறிப் படுத்தார். தன் தொந்தி முழுக்கக் கருவியை ஓட்டி, மூலைமுடுக்கெல்லாம் பொறுமையாகத் தேடினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. இப்ப நீ வா."

சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தாள். திரையில் பிள்ளையின் நெஞ்சு துடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.