மாமாவுக்குப் போன வலது இறக்கை

என் அக்கா கல்யாணத்துக்கு நேர்ந்த முதல் தடங்கல் நான்தான். வீட்டில் யாரும் இதை மறுத்ததில்லை. நானும் மறுக்கவில்லை.

பசுமலையில் அப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடும் போட்டி. ஃபைபர் துணியை அச்சில் வைத்து வார்த்தெடுத்த மெல்லிய தோல்களை மரச் சட்டத்தின் மேலும் கீழும் ஒட்டினால் இறக்கை தயார். இடது இறக்கை முடிந்திருந்தது. வலதுக்கு மேல்தோலை ஒட்டி, பசை இறுகும்வரை பாரம் ஏற்ற வேண்டும். செங்கல் வைத்தால் வளைவு நசுங்கிவிடும். வளைவோடு வளைந்து கொடுக்கிற பாரம் வேண்டும் என்று தேடினேன். (அம்புட்டு அறிவு எனக்கு.) கல்யாணப் பத்திரிகைக் கட்டு கண்ணில் பட்டது.

குலதெய்வத்தின் முன் வைத்தெடுத்த முதல் பத்திரிகை எங்களில் தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். உசிலம்பட்டி மாமாவோ, ஒரு விசேஷத்துக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று நாலு வருடமாக அப்பாவிடம் பேசவில்லை. மாமா வராமல் மணமேடை ஏறமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு நாள் யோசித்து, உறையில் மாமா பெயரைத் தன் கையாலேயே எழுதி, மஞ்சள் தடவி, கட்டின் மேல் வைத்திருந்தார்.

நான் கட்டைப் பிரித்துக் கைக்கு வந்தபடி இறக்கைமேல் அடுக்கினேன். மேலே இருந்தது அடியில் போனது. பசை பாரத்தில் ஒட்டாமலிருக்க இடையில் ஒரு பாலிதீன் தாள் விரிக்கச் சொல்லி கல்லூரி சீனியர் ஒருவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரை வெயிலில் பசை சீக்கிரமே இறுகியது. பாரத்தை எடுத்தால், தோல்கள் சேரும் ஓரத்தில் பிதுங்கிய பசையில் ஒரே ஓர் உறை கல்லாக ஒட்டியிருந்தது. மாமா பெயர் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"கிழிச்சிறாதடி, மஞ்ச வச்சது" என்றார் அம்மா.

"வேற பத்திரிகையில எழுதிக்கலாம்மா."

"சாமி முன்னாடி வச்சத விட்டுட்டு வேற குடுத்தா, எங்க அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை எனக்குப் போட்டிதான் பெரிதாக இருந்தது. அந்தச் சத்தத்தில் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அப்பா சட்டையை மாட்டினார். "ரெக்கையோட எடுத்துட்டு வா. நல்ல நேரம் போகுது."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். அம்மா மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு, என் மடியில் மூன்றடி இறக்கை. "என்னண்ணே இது?" என்று கண்டக்டர் கேட்டார். "பத்திரிகை" என்றார் அப்பா, முகம் மாறாமல்.

மாமா இறக்கையை வெகுநேரம் பார்த்தார். "இது யாரு எழுதுனது மாப்ள?"

"நாந்தான் மச்சான்."

"நீயேவா?"

"ஆமா."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரிக்க வேணாம். இப்படியே இருக்கட்டும். உள்ள வாங்க, சாப்பிடுவோம்."

போட்டிக்கு ஒற்றை இறக்கை விமானத்தோடு போய், ஓரமாக நின்று கைதட்டிவிட்டு வந்தேன்.

அந்த இறக்கை இன்றும் மாமா வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், "பத்திரிகை பஸ்ல வருதா, பறந்து வருதா?" என்று யாராவது கேட்பார்கள். போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமா போன் செய்தார்.

"ஒத்த ரெக்கைய வச்சு நான் என்ன பாப்பா பண்றது?"

பரணிலிருந்து இடது இறக்கையை இறக்கித் தூசி தட்டினேன். அப்பா உறையில் பெயர் எழுதி மஞ்சள் வைத்துக் கொடுத்தார். பசை தடவி ஒட்டி, மேலே பத்திரிகைக் கட்டை அடுக்கினேன். இந்த முறையும் பாலிதீன் தாள் விரிக்கவில்லை.