கழுதைக்கு மூன்று மெமோ

ஒரு கார்டை ஆட்டத்திலிருந்து நீக்குவதற்கு முன்னால் அந்தக் கார்டிடமே எழுத்து மூலம் விளக்கம் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் டெல்லியில் இருக்கிறார். லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், தபால்களை எண் போட்டு அனுப்பிவைக்கும் பிரிவில் வேலை. எல்லோரும் அவரை டெஸ்பாட்ச் அக்கா என்போம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய சர்வீஸ் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எழுதுவதை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், எந்த ஊரிலும் நான் இரண்டு மழைக்காலம் பார்த்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரத்தில் சாயப் பட்டறை, ஹைதராபாத்தில் சென்டரிங், புசாவல் ஸ்டேஷனில் வடை என்று இருபது வருடம் சுற்றிவிட்டு, சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தின் கேன்டீனில் காய் நறுக்க வந்து சேர்ந்தேன். படுக்கை ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே. மாத ஆரம்பத்தில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். மூட்டைகள் குறையக் குறைய இடம் கூடும். மாதக் கடைசியில் நான் கை காலை நீட்டித் தூங்கும் மகாராஜா.

டெஸ்பாட்ச் அக்கா சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் தானே மூன்று தடவை துடைப்பார். பிறகு பையிலிருந்து ஒரு கட்டு கார்டுகளை எடுத்துப் பரப்புவார். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ பறவையோ படம். நான் ஜோசியம் என்று நினைத்துவிட்டேன்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் எப்ப ஆகும்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை. "ஒனக்கு ஆகுறது இருக்கட்டும். இந்தக் கொக்குக்கு மொதல்ல ஒரு வழி சொல்லு."

மதுரைப் பேச்சு. டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் கறைபடியாமல் வைத்திருந்தார். அன்றைக்கு நான் சாயங்காலச் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கவேயில்லை.

ஆட்டம் இதுதான். ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேர். ஆளுக்கு நூறு கார்டு. ஒன்று தலைவர், மீதித் தொண்ணூற்றொன்பது பரிவாரம். ஒரே கார்டு இரண்டு தடவை இருக்கக் கூடாது. ஆளுக்கு நாற்பது உயிர். மற்ற மூன்று பேரின் உயிரையும் தீர்த்துவிட்டுக் கடைசியாக இருப்பவர் ஜெயித்தவர்.

அக்காவின் திட்டம் மூன்று பிராணிகள் சேர்ந்து நடத்தும் குடும்பத் தொழில். கொக்கு ஒரு பிராணியைத் தின்னும். தின்னும்போதெல்லாம் எதிரிகள் மூவருக்கும் ஆளுக்கொரு உயிர் போகும். தின்னப்படுவது தவளை. செத்த தவளையை வெட்டியான் வண்டு உடனே எழுப்பிவிடும். ஆனால் வண்டு பலசாலிகளைத் தொடாது. ஒரு பலமோ அதற்கும் கீழோ உள்ள நோஞ்சான்களை மட்டும்தான் எழுப்பும். எழுந்த தவளையைக் கொக்கு மறுபடி தின்னும். இப்படி நாற்பது தடவை.

"எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரிதேன்," என்றார் அக்கா. "போகும், வரும், போகும், வரும். போகுறப்பயெல்லாம் எவனுக்காச்சும் உயிரு போகும்."

இந்த மூன்றும் கையில் வந்து சேர்வதற்கு மீதித் தொண்ணூற்றாறு கார்டுகளும் உதவ வேண்டும். எது உதவுகிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, சும்மா இருப்பதை வெளியே எடுத்துவிட்டு வேறொன்றை உள்ளே போட வேண்டும். மற்றவர்கள் இதை டீ குடிக்கிற நேரத்தில் செய்வார்கள். அக்கா ஃபைல் போட்டார்.

தொண்ணூற்றொன்பது கார்டுக்கும் பதிவேட்டில் எண் உண்டு. புதிய கார்டு முதல் ஆறு ஞாயிற்றுக்கிழமை தகுதிகாண் பருவத்தில் இருக்கும். சரியாக உழைக்காத கார்டுக்கு மெமோ போகும். 'பொருள்: தேனீக் கூட்டம் – பணியில் மந்தம் – விளக்கம் கோருதல்.' மெமோவை எட்டாக மடித்து அந்தக் கார்டின் உறைக்குள்ளேயே சொருகி, இரண்டு நாள் டப்பாவில் வைத்துவிடுவார். பிறகு பதிலும் அவரே எழுதுவார், இடது கையால்.

"எதுக்குக்கா இடது கை?"

"கேள்வி கேட்ட கையே பதிலும் எழுதுனா நாயமா இருக்குமாப்பா?"

எல்லாம் தமிழில். ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழில் ஒரு வரி எழுதக் கொடுத்துவைக்கவில்லை, இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன் என்றார். தேனீக் கூட்டத்தின் பதில் திருப்தியாக இல்லை. விலக்கப்பட்டது. நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

இத்தனை கறாரான நிர்வாகத்தில் ஒரே ஒரு கழுதை மட்டும் தப்பித்து வாழ்ந்தது. பெயரே கழுதைதான். பலம் பூஜ்யம். யாராவது அடிக்க வந்தால் முன்னால் போய் நின்று அடியைத் தாங்கும், அவ்வளவுதான். இரண்டு மெமோ வாங்கி, இரண்டுக்கும் ஒரே பதில் கொடுத்திருந்தது: 'நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.' அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

அக்காவுக்குப் போர்க்களம் ஜனக்புரியில். ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்டுக் கடையின் பின்னறையில் ஆட்டம் நடக்கும். அங்கே மேஜைகளுக்குச் சாதி உண்டு. முதல் மேஜை சூரர்களுக்கு. கடைசி மேஜை பாத்ரூம் கதவை ஒட்டி, பிறந்தநாள் கேக் அப்பிய கையோடு வருகிற குழந்தைகளுக்கு. முதல் மேஜைக்காரர் மூன்று மாதம் ஒரு தடவைகூட ஜெயிக்காவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்து கடைசி மேஜைக்குப் போக வேண்டும் என்பது கடைக்காரரின் சட்டம். அக்கா பதினொரு ஞாயிறாக ஜெயிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் தோற்றால் பாத்ரூம் கதவு.

"போனா என்னக்கா, எங்க உக்காந்தாலும் ஆட்டம்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஆபீஸ்ல என் மேசயத் தாண்டித்தேன் எல்லா லெட்டரும் போகுது. ஒண்ணுலயாச்சும் என் கையெழுத்து உண்டா? எண்ணு மட்டுந்தேன் என்னது. அந்தச் சேரு சீனியாரிட்டில வந்தது இல்லப்பா. ஆடி வாங்குனது."

அந்த வாரம் அவர் லீவு போட்டுவிட்டுத் தினமும் மதியம் வந்தார். சாப்பாட்டுக்கூட்டம் கலைந்ததும் பயிற்சி. ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், இருந்ததோ இரண்டு பேர்.

"நீ மூணு பேரா இரு," என்றார்.

இருந்தேன். முதல் மேஜையின் மற்ற மூவரை அவர் எனக்கு விவரித்திருந்தார். ஒருவர் பல் டாக்டர். கொல்வதற்கு முன்னால் 'சாரி ஜி' சொல்வார். தலை முழுக்க நரைத்த அந்த ஆள் தன்னை ஆன்ட்டிஜி என்று கூப்பிடுவது அக்காவுக்குத் தீராத வயிற்றெரிச்சல். மற்ற இருவர் இரட்டைப் பிறவிகள். ஒரு மோட்டார் சைக்கிள் விஷயமாகச் சண்டை போட்டு, தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆனால் அக்காவை அடிப்பதென்றால் இரண்டு பேரும் ஒன்று.

நான் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். டாக்டராக மன்னிப்புக் கேட்டேன். பெரிய இரட்டையாகச் சின்ன இரட்டையை முறைத்தேன். ஒரு தடவை எனக்குள் இரண்டு பேருக்குத் தகராறு முற்றி, "அரே, அவன் பக்கம் சாயாதே!" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தியபோது, மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்குக் கத்தி வேலை கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவப் போட்டார்கள்.

மூன்று பேராக இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. கொக்கு வரும்போது வண்டு வருவதில்லை. வேண்டிய கார்டைக் கட்டுக்குள்ளிருந்து தேடி எடுத்துவரும் ஆந்தை ஒன்று டப்பாவில் சும்மா கிடந்தது. பலம் மூன்று. அதை உள்ளே போட வேண்டும். யாரை வெளியே எடுப்பது?

"கழுதையத்தான்க்கா."

அக்கா இரண்டு நாள் யோசித்தார். வியாழக்கிழமை மூன்றாவது மெமோ எழுதினார். சனிக்கிழமை இடது கையால் பதில் எழுத உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். "சரி. கழுதைக்கு டிரான்ஸ்ஃபரு. ஆந்தைக்குப் போஸ்டிங்."

ஞாயிற்றுக்கிழமை நானும் மெட்ரோவில் கூடப் போனேன். டிசம்பர் குளிர். அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கார்டுக் கட்டைத் தன் மஃப்ளரால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

ஆட்டத்துக்கு முன்னால் கடைக்காரர் ஒவ்வொருவர் கட்டையும் எண்ணுவார். அக்காவுடையதை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஆன்ட்டிஜி, ஏக் ஸௌ ஏக்."

நூற்றொன்று. ஒன்று அதிகம். நான் அக்காவைப் பார்த்தேன். "கழுதைய எடுக்கலையாக்கா?"

"எப்பிடி எடுக்குறது?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாத்தலா வந்த ஆளு பொறுப்ப வாங்காம, இருக்குற ஆள ரிலீவ் பண்ண முடியுமா? ஆந்த ஒரு ஆட்டமாச்சும் ஆடி ஜாயின் பண்ணணும். அதுக்கப்பறந்தேன் கழுத கெளம்பணும். எந்த ஆபீஸ்லயும் அதேன் நடைமொற!"

கடைக்காரருக்கு இந்த நடைமுறை தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் நூறாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது என்றார். ஒரு கார்டை நீக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறவருக்கு ஒரு நிமிடம். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரட்டையர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆந்தை இருக்கட்டும்க்கா, கழுதைய எடுங்க," என்றேன் நான்.

அக்கா இரண்டையும் கையில் எடுத்தார். கழுதையின் உறைக்குள் மூன்று மெமோக்கள் புடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை உருவி எடுத்துவிட்டு, கழுதையைக் கட்டுக்குள் வைத்தார். ஆந்தையை என் கையில் கொடுத்தார். "இது இன்னும் ஜாயினிங் ரிப்போர்ட் குடுக்கல. அது மூணாவது மெமோவுக்குப் பதிலும் சொல்லல. பதில் வராம ஃபைல மூடக் கூடாது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

வழக்கம்போல மூன்று பேரும் சேர்ந்து அக்காவைத்தான் அடித்தார்கள். நாற்பதில் ஆறு உயிர் மிச்சம். அதற்குப் பிறகு வந்த அடியையெல்லாம் முன்னால் நின்று வாங்கியது கழுதை. அதை எடுத்துப்போட ஒருவரும் ஒரு கார்டுகூட வீணாக்கவில்லை, அது ஒரு பொருட்டா என்று விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியில் கொக்கு வந்தது. தவளை வந்தது. வண்டும் வந்தது.

கொக்கு தின்ன ஆரம்பித்தது. தின்றது, எழுந்தது, தின்றது, எழுந்தது. டாக்டருக்கு இருபதிலிருந்து ஒன்பதாகியது. இரட்டையர்களுக்கு அதைவிடக் குறைவு. அப்போது பெரிய இரட்டை ஒரு நெருப்புக் கார்டை எடுத்துத் தவளையைச் சாம்பலாக்கினான். சாம்பலான பிராணியை வண்டாலும் எழுப்ப முடியாது. "பஸ், கதம்!" என்றான் சின்னவன். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அர்த்தம். ஒரு வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

அக்கா மேஜையைப் பார்த்தார். கொக்கு இருக்கிறது. வண்டு இருக்கிறது. தின்பதற்குத்தான் ஆளில்லை.

எனக்குப் பொறி தட்டியது. பலம் பூஜ்யம். நோஞ்சான்களிலேயே நோஞ்சான். வண்டு எழுப்பும். என் கையிலிருந்த ஆந்தை மூன்று பலத்தோடு விழித்தது. அது செத்தால் செத்ததுதான்.

"அக்கா! கழுதை!"

"தெரியுதுப்பா." அக்கா ஏற்கெனவே கழுதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மெமோ குடுத்து அலையவிட்டுட்டு, இப்ப ஒம்பது தடவ சாகச் சொல்றது நல்லாருக்குமா?"

"ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சிருதுல்லக்கா!"

"ஆன்ட்டிஜி, ஜல்தி," என்றார் டாக்டர்.

அக்கா கழுதையின் மேல் விரல் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொக்கிடம் அனுப்பினார். ஒன்று. கழுதை எழுந்து நின்றது. இரண்டு. மறுபடி நின்றது. ஐந்தில் சின்ன இரட்டை போனான். ஏழில் பெரியவன். ஒன்பதாவது தடவை கழுதை விழுந்து எழுந்தபோது பல் டாக்டர் தனக்குத்தானே "சாரி ஜி" சொல்லிக்கொண்டார்.

அக்கா கத்தவில்லை, குதிக்கவில்லை. முதல் மேஜை நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று மெமோக்களையும் வரிசையாக வைத்து, 'வாபஸ் பெறப்பட்டது' என்று எழுதினார். வலது கையால்.

பிப்ரவரியில் எனக்குக் கால் அரித்தது. கட்ச் பக்கம் ஓர் உப்பளத்தில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஒரு டிரைவர் சொன்னார். கிளம்பிவிட்டேன். இதுவரை நான் விட்டுவந்த எந்த ஊரிலும் யாரும் என்னை ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை. இடம் காலியானால் அதில் அடுத்த மூட்டை வரும், அவ்வளவுதான். அக்காவிடம் சொன்னபோது அவரும் கேட்கவில்லை. "ஸ்வெட்டர் இருக்கா?" என்று மட்டும் கேட்டு, தன்னுடையதில் ஒன்றை மடித்து என் பையில் வைத்தார்.

இங்கே வந்து பையைப் பிரித்தபோது ஸ்வெட்டர் மடிப்பில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. உள்ளே கழுதை இல்லை. அது டெல்லியில் நின்றுகொண்டிருக்கும். எட்டாக மடித்த ஒரு காகிதம்தான் இருந்தது. 'பொருள்: மூன்று பேராக இருந்தவர் – பதிலாள் வருமுன் பணியிடம் விட்டுச் சென்றது – விளக்கம் கோருதல். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குள்.'

முப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், இடது கைக்கு மாற்றிப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். பதில் போகாத வரைக்கும் அக்கா என் ஃபைலை மூட மாட்டார்.