அடுக்களைக்கு வந்த கடல் பள்ளத்தாக்கு

கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு, ஊரில் இத்தனை வீடு இருக்க, என் அடுக்களையைத் தேடித்தான் வருகிறது என்று நான் நம்பினேன். படித்தவன் ஆகையால் கொஞ்சம் கூடுதல் உறுதியோடு நம்பினேன். உபயம், பள்ளம் சார்.

தேங்காய்ப்பட்டணத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்தார். கப்பலில் போய்க் கடலடியை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர்; ஊர் வைத்த பேர்தான் பள்ளம் சார். தண்ணீருக்கு மேலே நடக்கிற எதையும் அவர் மதித்ததில்லை. ஆட்சி கவிழ்ந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் நின்றாலும் சரி, "அதெல்லாம் மேல்மண்ணு" என்பார்.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நிம்மதியாகச் சாப்பிட்டதாக வரலாறு இல்லை. சோற்றைச் சரிவாகக் குவித்து, உச்சியில் மோரில் காய்ச்சிய புளிசேரி ஊற்றச் சொல்வார். அது சோற்றை அறுத்துக்கொண்டு பாயும்.

"பாத்தியளா, சேறும் மணலுமா கலங்கின தண்ணி இப்பிடித்தான் கடலடியில பள்ளத்தாக்கு வெட்டும். பூமி தாழ்ந்து கெடக்க எடத்துல போய் அடுக்கடுக்கா படியும்."

அடுக்கடுக்காகப் படிந்த இடம் பெரும்பாலும் என் வேட்டி.

ஒருநாள் என் அடுக்களைச் சுவரில் வெடிப்பு. வளைகுடாவில் வெயிலைத் தின்று சம்பாதித்துக் கட்டிய வீடு. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத் தட்டினார். தரையில் காதை வைத்தார்.

"அடிமண்ணு அரிச்சிப் போவுது. பள்ளத்தாக்கும் இப்பிடித்தான், தலைப்பக்கம் இடிஞ்சி இடிஞ்சி கரையைப் பாத்து வரும்."

பிறகு மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டாராம். என் காதில் ஏறவில்லை. கரையைப் பார்த்து வருகிறது என்ற பிறகு மனிதனுக்கு வேறு என்ன கேட்கும்?

உடனே ஆட்டோ பிடித்தேன். மனைவி செல்வி, டிவி, மிக்சி, சாமி படம் எல்லாம் ஏறின. பக்கத்து வீட்டுச் சகாயம் வாசலில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே மக்கா, குடும்பத்தோட எங்க?"

"கடலடிப் பள்ளம் வருதுலே."

"வந்தா எனக்க வீட்டைத் தாண்டித்தான உனக்க வீட்டுக்கு வரணும்? நான் நிறுத்தி விசாரிக்கேன், நீ போ."

தோவாளையில் மாமனார் வீட்டில் போய் இறங்கினோம். பூ வியாபாரியான அவர் பூ மூட்டையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மருமகனே, அந்தப் பள்ளம் இஞ்ச எப்ப வரும்? அதுக்கு முன்ன லோடு ஏத்தணும்."

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். செல்வி கேட்டதுதான் பொறுக்க முடியவில்லை.

"மிக்சி ஜாருக்க மூடி வரைக்கும் எடுத்தியளே, அந்த மனுசரை எடுத்தியளா?"

எடுக்கவில்லை. இடிந்து விழும் என்று நானே தீர்மானித்த வீட்டில் அவரை விட்டுவிட்டு வந்திருந்தேன். போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகிற பஸ்ஸில் அவர் மேல் என் வீட்டை எத்தனையோ விதமாக இடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விதத்திலும் அவர் அடியில் கிடந்தார். செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு நின்றது. நடந்தது இவ்வளவுதான்: அடுக்களைக் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்கடியில் இணைப்பு விட்டு, அந்தத் தண்ணீர் அடித்தளத்து மணலை அரித்திருக்கிறது. பள்ளம் சார் சகாயத்தின் மண்வெட்டியை வாங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு தோண்டி, குழாயை மாற்றி, குழியில் கல்லடுக்கிப் பூசியிருந்தார். மேலெல்லாம் சேறோடு அடுக்களைத் தரையில் படுத்திருந்தார். நான் "சாரே" என்று கத்தப்போனேன்.

"மெள்ளலே," என்றான் சகாயம். "இப்பத்தான் கண்ணடைச்சாரு."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.